43 வசனமும் வேண்டும்

மதுரை வட்டாரச் சபைகளின் பாடகர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான கொயர் பிள்ளைகளுக்கும், கொயர் மாஸ்டர்களுக்கும், கீபோர்டும் ரிதம் பேடும் வாசிக்கிற தம்பிமாருக்கும் பசுமலையிலிருந்து ஸ்தோத்திரம்.

போன வருஷம் ஒரு ஸ்தோத்திர ஆராதனைக்குப் போயிருந்தேன். எந்தச் சபை என்று சொல்லமாட்டேன். சொன்னால் அவர்கள் மட்டும் தலை குனிவார்கள், மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். எனக்கு முன் வரிசையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மகனைப் பெரியாஸ்பத்திரியில் வைத்துக்கொண்டு பல நாள் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்து, பிள்ளையை உயிரோடு வீட்டுக்குக் கூட்டி வந்தவள். அன்று அவளுக்கு உலகத்திலேயே பெரிய நாள். ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரில் அவள் எழுதிக் கொடுத்ததைப் பத்தோடு பதினொன்றாக வாசித்தார்கள். அடுத்த பெயர் வந்தது, அதற்கடுத்த பெயர் வந்தது. பிறகு 107-ஆம் சங்கீதத்தை மாறி மாறி வாசித்தோம், ஐயர் ஒரு வசனம், சபை ஒரு வசனம். நேரமாகிவிட்டது என்று 22-ஆம் வசனத்தோடு நிறுத்தச் சொன்னார்கள். அதன் பிறகு நீங்கள் பாட ஆரம்பித்தீர்கள். டிராக் நன்றாகத்தான் இருந்தது. குரல்களும் நல்ல குரல்கள். ஆனால் அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. திரையில் ஓடிய வரிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தேன். பாதிச் சபை அப்படித்தான் நின்றது.

அந்த முகத்துக்காகத்தான் இந்த மடல்.

முப்பது வருஷம் கொயரில் ஆல்ட்டோ பாடியவள் நான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் உங்களிடம் உரிமையோடு கோபப்படலாம் என்று நினைக்கிறேன். புதுப் பாட்டு வேண்டாம், பழையதைத்தான் பாட வேண்டும் என்று மல்லுக்கட்டுகிற கிழவிகளில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். என் குறை வேறு. நீங்கள் பாடும் நன்றிப் பாட்டில் நன்றி இருக்கிறது, அதற்கான காரணம் இல்லை. நன்மை செய்தீர், உயர்த்தினீர், நடத்தினீர் என்று வினைமுற்றுகளாக அடுக்குகிறீர்கள். எங்கே விழுந்தோம், எந்த இருட்டில் கிடந்தோம் என்பது ஒரு சரணத்திலும் வருவதில்லை. வராந்தாவில் படுத்திருந்தவளுக்கு அந்த வராந்தா பாட்டில் இருந்தால்தானே வாய் திறக்கும்?

சங்கீதப் புத்தகத்தில் இருக்கிற நன்றிப் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள். 30, 34, 107, 116, 118, 138 என்று எதைத் தொட்டாலும் உள்ளே ஒரு குழி இருக்கிறது. பாடுகிறவன் அந்தக் குழியின் ஆழத்தைச் சொல்லிவிட்டுத்தான் கரையேறிய கதைக்கு வருகிறான். எருசலேம் ஆலயத்துக்குக் காணிக்கையோடு வந்து, சபை நடுவில் நின்று, எனக்கு இப்படி நேர்ந்தது, இப்படித் தப்பினேன் என்று சொல்வதுதான் அவர்களுடைய ஸ்தோத்திர பலி. எபிரெயத்தில் அந்தப் பலிக்கும் அதோடு பாடும் பாட்டுக்கும் ஒரே பெயர், தோதா. நம் வார்த்தையில் சொன்னால் சாட்சியும் காணிக்கையும் பாட்டும் மூன்றும் ஒன்று. நாம் அதை மூன்றாக அறுத்துவிட்டோம். சாட்சி இரண்டு நிமிஷம், காணிக்கை கவருக்குள், பாட்டு உங்கள் கையில்.

இன்னொன்றும் நினைத்துப் பாருங்கள். பஸ்காப் பந்தி முடிந்து ஸ்தோத்திரப் பாட்டைப் பாடிவிட்டுத்தான் ஆண்டவரும் சீஷர்களும் ஒலிவமலைக்குப் புறப்பட்டார்கள் என்று மத்தேயு எழுதியிருக்கிறார். யூதர் வழக்கப்படி அந்த இரவில் பாடுவது 113 முதல் 118 வரையுள்ள சங்கீதங்கள். கடைசியில் வருவது 118. அதுவும் ஒரு நன்றிச் சங்கீதம். அன்று இரவே கைதாகப் போகிறவர் அதைப் பாடினார். கஷ்டத்தைச் சொல்லாமல் கைதட்டி மட்டும் பாடுகிற பாட்டாக இருந்திருந்தால் அந்த இரவில் அது தொண்டையில் இறங்கியிருக்குமா?

சங்கீதத்தைப் பாடுவது நம் ஊருக்குப் புதிதா என்று கேட்பீர்கள். நம் மிஷனின் கதையே அங்கிருந்துதான் தொடங்குகிறது. 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷனரிமார் நியூ இங்கிலாந்துச் சபை மரபில் வந்தவர்கள். அவர்களுடைய முன்னோர் அந்தக் கரையில் இறங்கி அச்சடித்த முதல் புத்தகமே ஒரு சங்கீதப் பாட்டுப் புத்தகம்தான். 1640-இல் மாசசூசெட்ஸில் அச்சானது. கையில் புத்தகம் இல்லாதவர்களுக்காக அந்தச் சபைகளில் ஒருவர் ஒரு வரியைச் சொல்ல, சபை அதை வாங்கிப் பாடியது. பாமாலையில் நாம் எழுந்து நின்று பாடுகிற துதிப்பாட்டின் மெட்டுக்குப் 'பழைய நூறு' என்று பெயர் இருக்கிறதே, அந்த நூறு வேறொன்றும் இல்லை, 100-ஆம் சங்கீதம். 1551-இல் ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த மெட்டு அது. இப்படிச் சங்கீதம் பாடியே வளர்ந்தவர்கள் இங்கே வந்து, திருமங்கலத்தில் தொடங்கிய செமினரியை 1845-இல் பசுமலைக்குக் கொண்டுவந்து, பாறைக்கும் முள்ளுக்கும் நடுவில் சபையும் பள்ளியும் கட்டினார்கள். பாடத்தான் முடியவில்லை. மேல்நாட்டு மெட்டில் தமிழ் வார்த்தை உட்காரவில்லை. குறில் வர வேண்டிய இடத்தில் மெட்டு நீண்டது, நெடில் இருந்த இடத்தில் வெட்டியது.

மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அதைக் கவனித்தார். தஞ்சாவூரில் அப்போது வேதநாயக சாஸ்திரியார் இருந்தார். 1774-இல் பிறந்தவர், எண்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். அவருடைய பாடல்களை வாங்கி, பல்லவியும் சரணமுமாக நம் ராகத்தில் நம் தாளத்தில் அமைந்த கீர்த்தனைகளைத் தொகுத்து 1853-இல் வெப் வெளியிட்டார். 1858-இல் உதகமண்டலத்தில் கூடிய தென்னிந்திய மிஷனரிகள் மாநாட்டில் தமிழ் யாப்பையும் கிறிஸ்தவப் பாட்டையும் பற்றி ஒரு கட்டுரையே வாசித்தார். பசுமலையில் நெடுநாள் பொறுப்பிலிருந்த வாஷ்பர்ன் பிறகு அந்தத் தொகுப்பைத் திருத்திப் பெருக்கினார். நீங்கள் இன்று கையில் வைத்திருக்கும் கீர்த்தனைப் புத்தகத்தின் வேர்களில் ஒரு பெரிய வேர் இங்கே ஓடுகிறது. வெளிநாட்டுக்காரர் ஒருவர் உள்ளூர்க் கிழவரின் பாட்டைக் கேட்டு, நம் ஜனங்களுக்கு எது வாயில் வரும் என்று யோசித்தார் பாருங்கள், அந்த யோசனையைத்தான் உங்களிடம் கேட்கிறேன். மெட்டு நன்றாயிருக்கிறதா என்பதற்கு முன்னால், ஜனங்களுக்கு வாயில் வருமா என்று கேளுங்கள்.

ஆனால் கீர்த்தனையும் சங்கீதத்தை முழுதாகக் கொண்டுவரவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். சங்கீதத்தைத் தழுவி எழுதிய கீர்த்தனைகள் உண்டு, நல்லவையும் உண்டு. எதுகைக்கும் மோனைக்கும் இடம் விட வேண்டியிருந்ததால் வசனம் சுருங்கியது. இப்போது நாமோ ஒரே ஒரு வசனத்தை எடுத்து எட்டு முறை பாடுகிறோம். கீழவாசல் பக்கம் புனித மரியன்னை பேராலயத்துக்குப் போய் ஒரு திருப்பலி கேட்டுவிட்டு வாருங்கள். முதல் வாசகத்துக்குப் பிறகு பதிலுரைப் பாடல் என்று ஒன்று வரும். ஒருவர் சங்கீதத்தின் அடிகளைச் சொல்ல அல்லது பாட, ஒவ்வொரு பகுதிக்கும் ஜனங்கள் ஒரே பதிலைத் திருப்பிச் சொல்வார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழிலேயே நடக்கிறது. நாம்தான் வேதப்புத்தகத்தின் பிள்ளைகள் என்று மார்தட்டுகிறவர்கள். சங்கீதத்தைப் பாடுகிறவர்கள் அவர்கள், வாசித்துத் தள்ளுகிறவர்கள் நாம்.

கொஞ்சம் தள்ளித் திருப்பரங்குன்றம் இருக்கிறது. தேவாரத்தில் முதல் திருமுறையின் நூறாவது பதிகம் அந்த ஊரைச் சம்பந்தர் பாடியது. பண் குறிஞ்சி. ஓதுவார் ஒருவர் அதை எடுத்தால் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை போகிறார், நேரமாகிவிட்டது என்று நடுவில் விடுவதில்லை. நம்முடைய நூறாவது சங்கீதத்துக்கு 5 வசனம்தான். தலைப்பிலேயே அது துதிப் பாட்டு என்று எழுதியிருக்கிறது. அதையும் வாசித்து முடித்துவிடுகிறோம். பக்கத்து வீட்டைப் பார்த்துப் பொறாமைப்படக் கூடாதுதான். இதில் மட்டும் எனக்குப் பொறாமை உண்டு.

சரி, எப்படிப் பாடுவது?

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். வேதாகம வசனம் உரைநடை, அது தாளத்தில் நிற்காது. 1871-இல் வந்த பவர் ஐயர் மொழிபெயர்ப்பை ஆதிதாளத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வசனம் ஒன்றரை ஆவர்த்தனத்தில் முடிகிறது, அடுத்தது மூன்றேகால். உண்மை. நானும் போட்டுப் பார்த்துத் தோற்றவள்தான். ஆனால் தாளமே இல்லாமல் பாடுகிற ஒரு வடிவம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. விருத்தம். கச்சேரியிலும் உண்டு, கூத்திலும் உண்டு. ஒருவர் ராகத்தில் வார்த்தையை நிதானமாக நிறுத்தி, இழுத்து, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி, விட வேண்டிய இடத்தில் விடுகிறார். வசனம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. விருத்தம் முடிந்ததும் தாளம் விழுகிறது, பல்லவி வருகிறது, அது சபைக்கு. வேதவாக்கியத்தில் ஒரு எழுத்தையும் வெட்ட வேண்டாம், எதுகை தேடி அலைய வேண்டாம். கூடியிருக்கிற எல்லாருக்கும் பாட ஒரு வரி கிடைக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும்.

107-ஆம் சங்கீதம் இதற்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது. நாலு கூட்டம் வருகிறது. வழி தெரியாமல் வனாந்தரத்தில் அலைந்தவர்கள், இருட்டில் விலங்கோடு கிடந்தவர்கள், வியாதியால் சாவின் வாசல்வரை போனவர்கள், கப்பலேறிப் புயலில் சிக்கியவர்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் இரண்டு பல்லவி. கூப்பிட்டபோது ஒன்று, தப்பிய பிறகு ஒன்று. நாலு தரமும் அதே இடத்தில் அதே அர்த்தத்தில் திரும்பி வருகிறது. எழுதியவனே சபைக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறான். பல்லவிக்கு நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: 'கூப்பிட்டோம் ஐயா, கேட்டீரே' என்று ஒன்று, 'கேட்டவர்க்கு நன்றி, கோடி நன்றி' என்று ஒன்று. இதைவிட நல்லது உங்களுக்கு வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஒரு நிபந்தனை மட்டும்: இரண்டாம் தரம் கேட்கும்போதே திரையைப் பார்க்காமல் பாட வர வேண்டும்.

அந்த நாலு கூட்டமும் நம் மதுரை–இராமநாதபுரம் திருமண்டலத்தின் படமாகவே எனக்குத் தெரிகிறது. வனாந்தரமா? முதுகுளத்தூர்ப் பக்கம் கருவேலங்காட்டைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டாம், அங்கிருந்து பிழைக்கப் புறப்பட்டுத் திருப்பூரிலும் சென்னையிலும் அலைகிறவர்களுக்கும் வேண்டாம். சிறையா? அரசரடியில் மத்தியச் சிறையின் சுவரைத் தாண்டித்தான் உங்களில் பலர் பிராக்டிஸுக்கு வருகிறீர்கள். வியாதிக்கு நான் முதலில் சொன்ன வராந்தா இருக்கிறது. கடல் திருமண்டலத்தின் பெயரிலேயே இருக்கிறது; மண்டபத்திலும் இராமேசுவரத்திலும் படகு திரும்பாத இரவுகளை அறிந்த வீடுகள் எத்தனை. கடைசிப் பகுதியில், நேரமாகிவிட்டது என்று நாம் வெட்டிவிடுகிற அந்தப் பகுதியில், ஆறு வறண்டு வெளியாவதும் வறண்ட வெளியில் தண்ணீர் நிற்பதும் வருகிறது. வைகைக் கரையில் இருந்துகொண்டு அதை வெட்டலாமா? 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் மலை தாண்டி இந்தப் பக்கம் திரும்பாவிட்டால் மேலூர்ப் பக்கம் எத்தனை வயல் வயலாக இருந்திருக்கும்? அறுப்பின் பண்டிகையில் பூசணிக்காயையும் நெல் மூட்டையையும் ஏலம் விடுகிறோம், அந்த நெல் வந்த வழியைப் பாடுகிற வசனங்களை விட்டுவிடுகிறோம். 43 வசனமும் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

ராகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் சுதி பிடிப்பது மைக் வைத்திருப்பவருக்காக. அவர் சினிமாப் பாடகர் மாதிரி மேல் ஸ்தாயியில் போய் நிற்கிறார், சபையில் ஆண்கள் பாதிப் பேர் கீழே இறங்கி முனகுகிறார்கள், மீதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். செஞ்சுருட்டி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை என்று மூன்று ராகங்கள் இருக்கின்றன. மேல் ஷட்ஜத்தைத் தொடாமலே தங்கள் முழு முகத்தையும் காட்டிவிடுகிறவை. தாலாட்டிலும் தெருப்பாட்டிலும் புழங்கிய ராகங்கள், யாருடைய தொண்டைக்கும் அடங்கும். துன்பத்தைச் சொல்கிற விருத்தத்துக்கு நாதநாமக்கிரியையும் புன்னாகவராளியும் போதும், பல்லவிக்குச் செஞ்சுருட்டி. மூன்றையும் மத்திம சுருதியிலேயே பாடலாம் என்பதால் நடுவில் சுதி மாற்ற வேண்டியதில்லை. கீபோர்டு தம்பிக்கும் நிம்மதி.

கர்நாடக ராகம் என்றதுமே உங்களில் சிலருக்கு முகம் சுருங்கும் என்பதும் தெரியும். சுருங்க நியாயம் உண்டு. அரசரடி இறையியல் கல்லூரியில் தியாபிலஸ் அப்பாவு, நம் எல்லாருக்கும் பரட்டை அண்ணன், இதைத்தான் வாழ்நாளெல்லாம் சொன்னார். மேல்தட்டுக்காரரின் இசையை ஏழைச் சபையின் தலையில் கட்டாதே, ஜனங்கள் வயலிலும் தெருவிலும் பாடுகிறதைப் பீடத்துக்குக் கொண்டு வா என்றார். கிராமிய இசையிலேயே முழு வழிபாட்டையும் அமைத்துக் கொடுத்தார். 2005-இல் போய்விட்டார். பறை கோவிலுக்குள் வருவதா என்று முகம் சுளித்தவர்களை நானே பார்த்திருக்கிறேன், முதலில் சுளித்தவர்களில் நானும் ஒருத்தி என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஒருநாள் அந்தத் தாளத்துக்குச் சபை முழுக்க வாய் திறந்ததைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஆகவே செஞ்சுருட்டி பிடிக்காவிட்டால் நடவுப் பாட்டு மெட்டில் போடுங்கள். வரப்பில் நிற்கிற ஒருத்தி எடுத்துக் கொடுக்க, சேற்றில் குனிந்திருக்கிற பத்துப் பேர் வாங்கிப் பாடுவது 107-க்கு இன்னும் பொருந்தலாம். பல்லவிக்குப் பறை அடியுங்கள். எந்த ராகம் என்று என்னோடு சண்டை போடுங்கள், சந்தோஷம். பாடலாமா வேண்டாமா என்று மட்டும் சண்டை வேண்டாம்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்கிறேன். இந்த வருஷ ஸ்தோத்திர ஆராதனையில் உங்கள் சபையில் 107-ஆம் சங்கீதத்தை முழுதாகப் பாடுங்கள். இருபது நிமிஷம் ஆகும். அதற்காக இரண்டு ஸ்பெஷல் பாட்டை விட வேண்டியிருக்கும், விடுங்கள். டிராக் வேண்டாம், ஒரு ஆர்மோனியமோ கீபோர்டில் வெறும் சுதியோ போதும். பல்லவியை ஆராதனைக்கு முன்னால் ஐந்து நிமிஷம் சபைக்குச் சொல்லிக் கொடுங்கள், திரையில் போடாதீர்கள். விருத்தத்தை உங்களில் நல்ல குரல் உள்ளவரே நாலையும் பாட வேண்டாம். நாலு கூட்டத்துக்கு நாலு பேரைச் சபையிலிருந்து எழுப்புங்கள். பிழைக்கப் போய்த் திரும்பியவர் ஒருவர், வீட்டு ஆள் சிறையிலிருந்து திரும்பியிருக்கிறவர் ஒருவர் (சம்மதித்தால் மட்டும்), ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் ஒருவர், கடலுக்குப் போனவர் ஒருவர். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், அவர்கள் நடுங்குகிற இடத்தில் சபை பல்லவியைப் பிடித்துக்கொள்ளும்.

பாடத் தெரியாதவர்களை எப்படிப் பழக்குவது என்று யோசிக்காதீர்கள், அதை என்னிடம் விடுங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பசுமலையில் என் வீட்டுத் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது. பழைய ஆர்மோனியத்தில் இரண்டு கட்டை ஒட்டிக்கொள்கிறது, மற்றபடி பழுதில்லை. சுக்குக் காப்பி தருவேன். அந்தப் பெண்ணிடம் பேசிவிட்டேன். மூன்றாம் கூட்டத்தின் ஆறு வசனத்தையும் அவள் மனப்பாடம் செய்துவிட்டாள், மகன்தான் வாசித்துக் காட்டினானாம். முதல் கூட்டத்துக்கும் இரண்டாவதுக்கும் ஆள் சொல்லி வைத்திருக்கிறேன். கடலுக்குத்தான் இன்னும் யாரும் அகப்படவில்லை. உங்களில் யாருக்காவது மண்டபம் பக்கம் உறவு இருந்தால் சீக்கிரம் சொல்லி அனுப்புங்கள்.

ஸ்தோத்திரத்துடன்,
உங்கள் பழைய ஆல்ட்டோ ஒருத்தி
பசுமலை